ஒரே கேள்வி, வேறு பதில்

கண் மருத்துவமனையின் டோக்கன் திரை அன்று காலை ஒன்றாம் எண்ணை விட்டுவிட்டு நாற்பத்தொன்றைக் கூப்பிட்டது. ‘அ’வில் தொடங்கும் பெயர்க்காரர் ஒருவர் கடைசியாக வந்து முதலில் உள்ளே போனார். காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். திரைக்குப் புரோகிராம் எழுதியவள் மழையில் நனைந்தபடி ஓடி வந்தாள்.

மருத்துவமனையின் புரோகிராமர் கைவரிசைதான் அது. வந்த வரிசையில் இருந்த அவளுடைய பட்டியலையே அகரவரிசைக்கு மாற்றிவிட்டிருந்தான்.

“என் லிஸ்ட்ல ஏன் கை வெச்சீங்க? தனியா ஒரு காப்பி எடுத்து அதை அடுக்க வேண்டியதுதானே?”

அவன் நிமிர்ந்தான். இமையில் தொங்கும் மழைத்துளி... கோபத்தில் இன்னும் பெரிதான கண்கள்... நான்கு வருடமாகக் கண்களுக்கு நடுவிலேயே வேலை, இப்படி ஒரு ஜோடியை அவன் கண்டதில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான்.

“டீ சாப்பிடலாமா?”

“வேலை இருக்கு.”

சரிசெய்யப் பத்து நாள் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. தன் புரோகிராம் எதையும் மாற்றாது, வெளியே எதையும் தொடாது, ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் என்று அவள் பெருமையடித்தாள். பதில் மாறினால் உள்ளுக்குள் எதுவோ ரகசியமாக மாறியிருக்கிறது என்று அர்த்தமாம். அவன் தினமும் நாலு மணிக்கு அதே டீக் கேள்வியைக் கேட்டான். தினமும் அதே பதில்.

ஆனால் மூன்று ஐம்பதுக்கே அவள் கண் கடிகாரத்துக்குப் போக ஆரம்பித்திருந்தது. இத்தனை நாள் மறுத்துவிட்டு இப்போது தலையாட்டினால் சிரிப்பானே என்ற வீறாப்பு. வீட்டில் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

“அப்ப அந்த வீறாப்பையே கட்டிக்கோ.”

பத்தாம் நாள் எண்கள் ஒழுங்காக வந்தன. வேலை முடிந்தது. இனி இங்கே வரக் காரணமே இல்லை. மணி நாலு... நாலே கால்... அவன் கேட்கவில்லை. ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது. பையைத் தோளில் மாட்டியவள், அவன் மேஜை முன்னால் போய் நின்றாள்.

“இன்னிக்குக் கேக்கலையா?”

“பதில்தான் தெரியுமே...”

“கேட்டுப் பாருங்க.”

“டீ சாப்பிடலாமா?”

“சாப்பிடலாம்.”

அவன் எழுந்திருக்கவே மறந்துபோனான். “பதில் மாறுதே... அப்போ உள்ளுக்குள்ள...”

“மாறிடுச்சு. மூணாவது நாளே. நீங்க லிஸ்ட்ல மட்டும் கை வைக்கல.” கன்னம் சுட்டது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் முகமெல்லாம் சிரிப்பு. “என் தப்புதான். பழையபடி மாத்திடட்டுமா?”

“தொடாதீங்க,” என்றாள். “இப்படியே இருக்கட்டும்.”