நல்ல கிணறு எனப்படுவது

“அப்ப எங்கட கிணறு கெட்ட கிணறே?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே. நல்ல கிணறு எண்ட பட்டியலில வராது எண்டுதான் சொன்னனான்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

“இல்லையடி. உங்கட தண்ணி சவர், உப்புக் கரிக்கும். அது உன்ர பிழையும் இல்லை, கிணத்தின்ர பிழையும் இல்லை.”

நிதானமாகப் பதில் சொன்னவள் அனோஜா. நிதானத்தை எங்கோ தொலைத்துவிட்டுக் கேட்டவள் கஜனி. இருவரும் ஏழாம் தரம். முரசுமோட்டைக் கிராமத்தில் ஒரே ஒழுங்கையில், எட்டு வீடு தள்ளி இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, யாருடைய பக்கமும் சேராமல் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் லக்ஷன்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் விமலேஸ்வரி ரீச்சர் இந்த மூவரிடமும் ஒரு சிறிய ஆய்வை ஒப்படைத்திருந்தார். தலைப்பு ‘எங்கள் ஒழுங்கையின் கிணறுகள்’. கோடை முடியும் வரை, நல்ல கிணறு இல்லாத ஒழுங்கைகளுக்குப் பவுசர் வண்டியில் குடிதண்ணீர் வரப்போகிறதாம். தண்ணீர் கேட்டு அதிபர் எழுதும் கடிதத்தோடு இந்த ஆய்வறிக்கையும் போகும்.

அனோஜாவுக்கும் லக்ஷனுக்கும் வீடு வீடாகப் போகும் வேலை. கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்ப்பது, படம் கீறுவது, நல்ல கிணறுகளுக்கு நீல வட்டம் போடுவது. கஜனிக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பக்கம். ‘முக்கிய சொற்களும் வரைவிலக்கணங்களும்.’

வேறு வேலை ஏதும் இல்லையா என்று அவள் ரீச்சரிடம் கேட்டாள்.

“அதுதான் பெரிய வேலை,” என்றார் ரீச்சர். “நல்ல கிணறு எண்டால் என்னெண்டு நீ எழுதுற வரியை வைச்சுத்தான் அவை ரெண்டுபேரும் கிணறுகளைப் பிரிக்கப் போகினம்.”

கஜனி அதை நம்பவில்லை. நல்ல கிணறு எது என்று ஒழுங்கைக்கே தெரியுமே. அது அனோஜா வீட்டுக் கிணறு.

பின்னேரம் ஆனால் சைக்கிள்களும் தண்ணீர்க் கான்களும் அனோஜா வீட்டுப் படலைக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரில் பருப்பு பஞ்சு மாதிரி அவியும் என்பார்கள். அனோஜா கிணற்றுக்கட்டில் நின்று, அடுத்தது யார் என்று சொல்லுவாள். பெரியவர்கள்கூட அவள் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில், பசித்த சனங்களுக்கு ரொட்டி பங்கிடும் இளவரசி மாதிரி இருப்பாள். கஜனி அந்த இளவரசியை வேலிக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

கஜனி வீட்டுக் கிணறு அகலமானது, ஆழமானது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஆனால் அதன் தண்ணீரில் பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை பருப்பாகவே இருக்கும். தேத்தண்ணீர் போட்டால் கண்ணீர் ருசி. அந்தக் கிணற்றை விரும்பித் தேடி வந்தவை தவளைகள் மட்டும்தான்.

அன்று மாலை கஜனி வெள்ளைத்தாளின் முன்னால் பேனையோடு இருந்தாள். அனோஜாவின் குரல் இன்னும் காதில் நின்றது. பட்டியலில வராது. அவள் மெல்ல எழுதினாள்:

‘நல்ல கிணறு எனப்படுவது, கடும் கோடையிலும் வற்றாத கிணறு ஆகும்.’

இரண்டு முறை வாசித்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

மறுநாள் லக்ஷன் அந்த வரியையும் தன் படத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அனோஜா வீட்டுக் கிணறு ஆவணியில் அடிமண் தெரிய வற்றிவிடும். மற்றவையும் அப்படித்தான். மிஞ்சியது ஒன்றே ஒன்று.

“உங்கடது சவரெல்லோ?” என்றான்.

“வரைவிலக்கணத்தில சவர் பற்றி ஒண்டும் இல்லை,” என்றாள் கஜனி.

அனோஜா வாதாடவில்லை. அழிறப்பரை எடுத்து, தன் வீட்டு நீல வட்டத்தைத் தானே அழித்தாள். தூளை ஊதிவிட்டு எழுந்து போனாள். கஜனிக்கு அது இனித்தது. ஒரு ரொபி கரையும் நேரத்துக்கு இனித்தது.

ரீச்சர் கிளிநொச்சி நகரத்திலிருந்து வருபவர். ஒழுங்கையின் கிணறுகளை அவருக்குத் தெரியாது. வரைவிலக்கணம் தெளிவாக இருக்கிறது, அளந்து பார்க்கவும் முடியும் என்று பாராட்டினார். பிறகு இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆய்வைக் கேட்க, பவுசர் அனுப்பும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அந்த நல்ல கிணற்றுத் தண்ணீரிலேயே அவர்களுக்குத் தேத்தண்ணீர் போடலாம். கஜனி ஒரு கான் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

வியாழன் பின்னேரம் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கட தண்ணியிலயோ? வந்த ஆக்கள் முதல் வாயிலயே துப்பிப் போடுவினம், பிள்ளை.”

 கஜனி வெறும் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அனோஜா வீட்டுக்குப் போனாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கானில் எழுதியா இருக்கப்போகிறது?

அங்கே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். வாளி அடிக்குப் போய்த் தட்டுப்படும் சத்தம் கேட்டது. மேலே வந்தபோது கால்வாசிதான் தண்ணீர். அதுவும் பால் தேத்தண்ணீரின் நிறம். அனோஜா அதைத் துணியில் வடித்து, தெளியவைத்து, ஒவ்வொருவருக்கும் அரைக் கான் கொடுத்தாள்.

கஜனிக்கு முன்னால் நின்ற வடிவம்மா பெரியம்மா, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இந்தக் கஷ்டம் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்களாம், பவுசர் வரப்போகிறதாம். உன்னுடைய பெயரும் இருக்கிறதாமே என்று கஜனியின் தலையைத் தடவினார்.

கஜனிக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல கிணறு இல்லாத ஒழுங்கைக்குத்தான் பவுசர். இந்த ஒழுங்கையில் ஒரு நல்ல கிணறு இருக்கிறது என்று அவள் எழுதியிருக்கிறாள். படத்தில் நீல வட்டமும் இருக்கிறது. பவுசர் ஏன் வரும்?

வரிசை நகர்ந்தது.

“நல்ல கிணறு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இஞ்ச என்ன அலுவல்?” என்றாள் அனோஜா. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள்.

“ரீச்சர் கேட்டவா. தேத்தண்ணிக்கு.”

“எங்கட தண்ணியை உங்கட தண்ணி எண்டு குடுக்கப் போறியே?”

கஜனி நிலத்தைப் பார்த்தாள். “ஓம்.”

அனோஜா கானுக்குக் கையை நீட்டினாள். தெளிந்த தண்ணீரை அளந்து ஊற்றத் தொடங்கினாள். எல்லோருக்கும் ஊற்றிய அதே அளவு.

“காணும், ஊத்தாத,” என்றாள் கஜனி. “அதைப் பெரியம்மாவுக்குக் குடு.” ஊற்றிய தண்ணீரை வடிவம்மாவின் கானில் கவிழ்த்துவிட்டு, வெறுங்கானோடு திரும்பினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் புதிய தாள் எடுத்தாள். நல்ல கிணறு எனப்படுவது, தண்ணீர் சவராக இல்லாத கிணறு என்று எழுதினாள். உடனே வெட்டினாள். அப்படி எழுதினால் அனோஜாவின் கிணறு பட்டியலுக்குத் திரும்பிவிடும். ஆனால் பவுசர் அப்போதும் வராது. யாருடைய கிணறு வெல்கிறது என்று பார்த்து எழுதினால் ஒழுங்கை தோற்றுவிடுகிறது.

கடைசியில் மூன்று வரி எழுதினாள்.

‘குடிநீர்க் கிணறு எனப்படுவது, பருப்பு நன்றாக அவியும், தேநீர் உவர்க்காத நீர் உள்ள கிணறு. வற்றாத கிணறு எனப்படுவது, கோடை முழுவதும் இரண்டு அடியாவது நீர் நிற்கும் கிணறு. நல்ல கிணறு எனப்படுவது, இந்த இரண்டும் ஒருங்கே பொருந்தும் கிணறு.’

இந்த வரிகளின்படி அவளுடைய கிணறும் இல்லை, அனோஜாவுடையதும் இல்லை. ஒழுங்கையில் ஒரு நீல வட்டமும் மிஞ்சவில்லை.

காலையில் அந்தப் பக்கத்தையும், தன் வீட்டுத் தண்ணீர் நிரம்பிய கானையும் ரீச்சரின் மேசையில் வைத்தாள். ஏன் மாற்றினாய் என்று ரீச்சர் கேட்டார்.

“முதல் எழுதினது, என்ர கிணறு வெல்ல வேணுமெண்டு எழுதினது, ரீச்சர்.”

ரீச்சர் புதிய பக்கத்தை நேரம் எடுத்து வாசித்தார். கஜனியை ஏசவில்லை. ஆனால் பாராட்டவும் இல்லை. தேத்தண்ணீரைக் கஜனியின் தண்ணீரிலேயே போடச் சொன்னார்.

வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். ஒருவர் விழுங்கினார். மற்றவர் யன்னலைத் தேடினார். லக்ஷன் எழுந்து, மிகவும் மரியாதையாக, அதுதான் வற்றாத கிணறு என்று விளக்கினான். வெட்கத்தில் கஜனியின் காது சுட்டது. விழுங்கியவர் பேனையை எடுத்து ஒழுங்கையின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

மாத முடிவில் ஒழுங்கை முகப்பில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று வந்தது. பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் அதை நிரப்பியது. இப்போது அனோஜாவும் கானோடு வரிசையில் நின்றாள். அவள் அடுத்தது யார் என்று சொல்லவில்லை. கஜனி அவளுக்குப் பின்னால் நின்றாள். 

ஒரு பின்னேரம் கஜனி கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தாள். படலையில் யாரோ தட்டினார்கள். தோளில் துவாயும் கையில் சவர்க்காரப் பெட்டியுமாக அனோஜா நின்றாள். அந்தப் படலையைத் தாண்டி அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

“எங்கட வீட்டில எனக்கு மூண்டு வாளிதான்,” என்றாள். “பவுசர் வர முதலும், மிச்சம் தண்ணிக்கு வாற ஆக்களுக்கு எண்டு அம்மா எண்ணித்தான் விட்டவா. இந்த வேலியால போகேக்க நீ ஊத்துற சத்தம் கேட்கும். எனக்கு உன்னில சரியான எரிச்சல், கஜனி.”

கஜனி வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

அனோஜா துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றினாள். கிணற்றைப் பார்த்தாள். பிறகு கஜனியைப் பார்த்தாள்.

“எண்ணாமல் ஒருக்காக் குளிக்க வேணும். விடுவியே?”