டாக்டர் ஒர்துஸ் வீட்டு மெஷினில் வடியாத தண்ணீர்

ஜனவரி 2, காலை 7.10. புகாரமங்கா நகரில் டாக்டர் எவேலியோ ஒர்துஸ் வீட்டு வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றது. தண்ணீர் வடியவில்லை, டிரம் சுற்றவில்லை, கதவும் திறக்கவில்லை.

7.20. குற்றவாளி யாரென்று டாக்டர் தீர்ப்பே சொல்லிவிட்டார். வீட்டுவேலை செய்யும் தெயனீரா. இரண்டு நாள் லீவு முடிந்து ஏழு மணிக்குத்தான் வந்திருந்தாள்.

ஒர்துஸ் ஊசி போடும் டாக்டர் அல்ல, வக்கீல். அந்த ஊரில் கோட்டு மாட்டிய எவனும் டாக்டர்தான். வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில், புத்தாண்டு இரவின் சாங்கியங்களைக் கிண்டலடித்துப் பத்திரிகையில் எழுதுவார். வருஷம் முழுக்கப் பயண யோகம் கிடைக்குமென்று அவர் மனைவி அம்பாரோ அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பயணப் பெட்டியோடு தெருவைச் சுற்றி ஓடுவாள். அந்தப் பாவத்தையும் அச்சில் ஏற்றிய மகான்.

8.40. மெஷின் ரிப்பேர் செய்யும் நூபியா வந்தாள். கதவருகே மூக்கை வைத்தாள். புளித்த வாடை.

"வந்ததும் இவதான் துணியத் திணிச்சா," என்றார் டாக்டர். "சோப்ப அள்ளிக் கொட்டியிருப்பா. இன்னிக்கே வேலையை விட்டு நிக்கணும்."

"ரெண்டு நாள் லீவு முடிஞ்சு ஏழு மணிக்குத்தான் வந்தேன். நான் இத தொடவே இல்ல," என்றாள் தெயனீரா. "ஏழு வருஷமா பாக்கெட்ட திருப்பிப் பாக்காம ஒரு துணி போட்டதில்ல."

"பாக்கெட்டப் பத்தி யார் கேட்டா?" டாக்டர் சீறினார்.

நூபியா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பின்பக்கக் குழாயைத் தடவினாள். மடங்கவில்லை. வடிக்கும் மோட்டார் உறுமியது, ஆனால் தண்ணீரை இழுக்கவில்லை.

"சோப்பு அதிகமானா நுரை தள்ளும். இங்க நுரையே காணோம். உள்ள ஏதோ அடைச்சிருக்கு. தண்ணி போனாத்தான் டிரம் சுத்தும்."

கீழே தட்டை வைத்து, பில்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். கலங்கிய தண்ணீர் வழிந்தது. கூடவே ஒரு கை நிறைய முழு மசூர்ப் பருப்பு. ஊதி, தோல் வெடித்து, விரலில் பட்டதும் மசிந்தது.

"பாத்தியா!" டாக்டருக்கு ஒரே குஷி. "கிச்சன் துணிய இதுல போட்டிருக்கா, கழுதை."

9.15. தண்ணீர் வடிந்ததும் கதவு திறந்தது. உள்ளே கிச்சன் துணி ஒன்றுகூட இல்லை. இருந்தது இரண்டே உருப்படி. வெள்ளை லினன் சட்டை, வெள்ளை லினன் பேண்ட். நூபியா பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டாள். இன்னும் பதினொரு பருப்பு.

"அம்மா, இது யாரோட பேண்ட்டு?"

"இவரோடது. முப்பத்தொண்ணு ராத்திரி போட்டிருந்தார்," என்ற அம்பாரோவின் வாய் மெல்லத் திறந்தது. "ஏங்க... பாக்கெட்டுல பருப்பா?"

புத்தாண்டு பிறக்கும்போது பாக்கெட்டில் பருப்பு இருந்தால் வருஷம் முழுக்கக் குறையிருக்காது என்பது ஊரறிந்த நம்பிக்கை.

"இவ வச்சிருப்பா!" என்றார் வக்கீல்.

"லீவுல இருந்தவளா?" நூபியா சிரிக்கவில்லை. "காலைல போட்ட துணி ஒன்றரை மணி நேரத்துல புளிச்சு நாறாது டாக்டர். பருப்பும் தோல் வெடிச்சு இப்படி குழையாது. இது நேத்தே ஊறினது. நேத்து வீட்ல நீங்க ரெண்டு பேருதானே?"

"நேத்து நான் சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்," என்றாள் அம்பாரோ.

"அப்ப போட்டது இவர்தான். மது கொட்டியிருக்கும், கறை போகணும்னு அவசரம். பருப்ப மறந்துட்டார். மெஷின் நின்னதும் பழியப் போட ஆள் வர்ற வரைக்கும் மூடி வச்சிருந்தார். கொஞ்சம் முன்னாடி பாக்கெட்டுன்னு இவ சொன்னதும் ஏன் அப்படிக் கொதிச்சீங்க டாக்டர்?"

டாக்டரின் காது சிவந்தது. பொய் சொன்னதற்காக அல்ல, பருப்புக்காக. இப்படிப்பட்ட மனுஷனை என்ன சொல்ல!

"சரி சரி," என்றார் சுவரைப் பார்த்து. "தெயனீரா, நீ வேலைல இரு. இதப் பிழிஞ்சு காயப்போடு."

தெயனீரா ஏப்ரனைக் கழற்றி மெஷின்மேல் வைத்தாள்.

"இருக்கிறதா போறதான்னு நான் யோசிக்கணும் டாக்டர். வெளிய உக்காந்து காபி குடிச்சிட்டு சொல்றேன். நீங்க போட்ட துணிய நீங்களே பிழிங்க."

அவள் போனாள். டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி பேண்ட்டைச் சுட்டிக் காட்டினாள். அவர் குனிந்து எடுத்து முறுக்கினார். பிழியத் தெரியவில்லை. தண்ணீரெல்லாம் அவர் செருப்பில்தான் வடிந்தது.