2.7 ஆங்ஸ்ட்ரோம் தூரத்தில் மரணம்!

செத்தவனின் உள்ளங்கையில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஏறிய எறும்பு ஒன்றுகூட இறங்கவில்லை!

தர்மிளா குனிந்து அண்ணன் சுதாகரனின் வலது கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகளுக்கு நடுவே சீனி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி முப்பது, நாற்பது எறும்புகள்... காலை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன.

"கையப் போடு பாப்பா! பொணத்த நோண்டிக்கிட்டு..." அம்மா மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

தர்மிளா கேட்கவில்லை. இமையைத் தூக்கினாள்.

கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

மற்றக் கண்ணையும் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்!

குருவிட்டைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தவன். தோட்டத்து ஆஸ்பத்திரி பதினொரு மணிக்கே 'ஹார்ட் அட்டாக்' என்று கடதாசி எழுதிவிட்டது. பன்னிரண்டுக்குத் தோட்டத்து மனேஜர் துரை சவப்பெட்டி அனுப்பிவிட்டார். கொழும்பிலிருந்து பஸ் பிடித்து இவள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. நாலு மணிக்கு எடுக்க வேண்டுமாம்.

மண்ணுக்குள் போய்விட்டால்... அண்ணனோடு சேர்ந்து உண்மையும் போய்விடும்.

"இருபத்தெட்டு வயசுல ஹார்ட் அட்டாக்கா? இந்தத் தோட்டத்துல சாவுறதுக்கும் காலம்பற ஆளெண்ணுற பிரட்டுல பேர் குடுக்கணும் போல!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கங்காணி வேலுசாமி அந்த லயத்துக் குடியிருப்பின் வாசலில் ஒடுங்கி நின்றார்.

"மாமா, என்ன மருந்து அடிச்சாங்க?"

"புது மருந்து பாப்பா. கொழும்புல இருந்து ஒரு டொக்டர் கொண்டாந்தாரு. நம்பர் பதினேழுன்னாங்க. மனுசனுக்கு ஒண்ணுஞ் செய்யாதாம்."

"பதினேழா?!"

"ஓன் லேப்பு மருந்துதானே? பாதிப் பேருக்குத்தான் கையொறை இருந்திச்சு. மிச்சப் பேரு மொனங்குனாங்க. ஒங்க அண்ணன்தான், 'என் தங்கச்சி செஞ்ச மருந்துப்பா, எனக்கெதுக்குக் கையொறை'ன்னுட்டு மொத ஆளா போய் நின்னான்..."

தர்மிளா அண்ணனின் வெறுங்கையை இன்னொரு முறை பார்த்தாள்.

"டொக்டர் எங்க நின்னாரு?"

"மேட்டுல. கொடைக்குக் கீழ நின்னு எழுதிக்கிட்டே இருந்தாரு. இவன் விழுந்தப்பவும் எழுதிக்கிட்டுத்தான் இருந்தாரு."

பதினேழு!

அந்த மருந்தை அவளைவிட யாருக்குத் தெரியும்?

அந்த லயத்திலிருந்து கம்பஸுக்குப் படிக்கப் போன முதல் ஆள் தர்மிளா. டொக்டர் தம்பையாவின் ஆய்வுகூடத்தில் கம்ப்யூட்டர் வேலை. மருந்து என்பது ஒரு சின்ன மூலக்கூறு. உடம்பில் இருப்பது பெரிய புரதம். இரண்டும் எந்த அணுவில் எந்த அணுவைத் தொடுகின்றன என்று அளந்து பட்டியல் போட வேண்டும். அளவுகோலின் பெயர் ஆங்ஸ்ட்ரோம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி துண்டாக்கினால், அதில் ஒரு துண்டு!

பதினேழு குறிவைத்தது நரம்பில் இருக்கும் ஒரு புரதத்தை. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை உடனுக்குடன் துடைத்து அழிப்பது அதன் வேலை. அதன் பள்ளத்தில் மருந்து போய் அடைத்துக்கொண்டால் செய்தி அழியாது. எச்சில் ஒழுகும். கண்மணி சுருங்கும். மூச்சுவிடும் தசை துடித்துத் துடித்து நின்றுபோகும்.

பூச்சிக்கு இது நடக்க வேண்டும். மனிதனுக்கு நடக்கக் கூடாது.

அவள் அளந்தபோது மனிதனுக்கும் நடந்தது!

மனிதப் புரதத்தின் பள்ளத்தில், அடியில், ஒரேயொரு தண்ணீர் மூலக்கூறு. மருந்து அதை 2.7 ஆங்ஸ்ட்ரோமில் பிடித்திருந்தது. அந்தத் தண்ணீர் மறுபக்கம் புரதத்தை 2.8இல் பிடித்திருந்தது. கையோடு கை கோத்த இறுக்கம்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொன்னாள்.

"சார்... இது மனுசனுக்கும் ஒட்டுது!"

தம்பையா கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "தண்ணியை வச்சுக்கொண்டே அளந்தனீர்? ஃபைல்ல இருக்கிற தண்ணி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அளக்கிறதுதானே வழமை?"

"வழமைதாங்க சார். ஆனா இந்த ஒரு தண்ணி..."

"அழிச்சுப்போட்டு அளந்து பாரும்."

அழித்தாள். பாலம் அறுந்தது. இப்போது மருந்து பள்ளத்தில் எதையும் தொடாமல் தொங்கியது. 'மனிதப் புரதத்தில் ஒட்டாது' என்று ரிப்போர்ட் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். வேலை போனால் திரும்பவும் கொழுந்துக் கூடைதான் என்ற பயம்.

இன்னொன்றும் இப்போது ஞாபகம் வந்து நெஞ்சில் குத்தியது. ஒருநாள் லேப்பில் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க ஆளுங்க தேத்தண்ணியில சீனி கலக்க மாட்டாங்க சார். மலையில வேல செஞ்ச கையோட, உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டே குடிப்பாங்க."

தம்பையா சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்!

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் பவாஸ் வந்தார். மாவனல்லைக்காரர். தர்மிளா ஃபோனில் கூப்பிட்டதால் வந்தவர். எறும்பையும் பார்த்தார், கண்ணையும் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"வெளங்குது புள்ள. ஆனா செத்த எறும்ப வெச்சி ஒரு டொக்டர நான் புடிக்கேலா. ஆஸ்பத்திரிக் கடதாசி ஈக்குது. ஒங்கட துரை மேல எடத்துக்கெல்லாம் ஃபோன் கோல் போட்டுட்டார். எனக்கு ஒரு சாட்சி வேணும்."

"நாலு மணி வரைக்கும் இருப்பீங்களா சார்?"

"இருந்து?"

"டொக்டரு எழவுக்கு வாராராம். இஸ்தோப்புல ஒக்காந்து ஒரு தேத்தண்ணி குடிங்க."

"ஹரி, சரி புள்ள. சீனி மட்டும் வாணாம். எனக்கு சீனி வருத்தம்."

"ஒங்களுக்கு வைக்க மாட்டேன் சார்" என்றாள் தர்மிளா.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள்.

மூன்று பத்து. ஒரு ஜீப் ஏறி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கையில் மலர்வளையம்... டொக்டர் தம்பையா! படி ஏறிய களைப்பில் மார்பைத் தடவி, ஒரு நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தர்மிளா... என்ன செய்யிறது, விதி."

"ஆமாங்க சார்."

"இதய வருத்தம் எத்தனை நாளா இருந்திச்சோ. இந்தச் சனம் செக் பண்ணிறதும் இல்லையே."

மருதாயி அழுதுகொண்டே ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் மகளுக்கு வேல குடுத்த தெய்வங்க நீங்க..."

தெய்வம் கையை மெல்ல உருவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டது.

பிறகு தர்மிளாவை ஓரமாக அழைத்து ஒரு கடித உறையை நீட்டினார்.

"சுவீடன். பிஎச்டி. உம்மட பேருக்கு நானே எழுதியிருக்கிறன். நீர் கெட்டிக்காரி... தேவையில்லாமல் அந்தப் பொலிஸிட்ட ஏதும் சொல்லி வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதையும். நாலு மணிக்கு அலுவலை முடிச்சுப்போடும். விளங்குதா?"

தர்மிளா உறையைப் பார்த்தாள். உள்ளே கிடந்த அண்ணனைப் பார்த்தாள்.

"வெளங்குதுங்க சார்."

உறையை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். அதே பைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்தாள். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பழுப்புப் போத்தல்!

அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

தேத்தண்ணி வந்தது. பவாஸுக்கு வெறும் சாயம். தம்பையாவுக்குச் சாயமும், தனியே ஒரு கிண்ணத்தில் சீனியும்.

"கையில வாங்கிக்கங்க சார். எங்க வழக்கம். அண்ணன் காலம்பற கடைசியா குடிச்ச மாதிரியே... அவனுக்காக."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. பொலிஸும் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பையா பெருந்தன்மையாகச் சிரித்துக் கையை நீட்டினார். ஒரு நக்கு. ஒரு மிடறு. இன்னொரு நக்கு.

"எப்படிங்க சார்?"

"அருமை. தோட்டத்து ருசியே தனி."

அவர் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை வைத்தாள் தர்மிளா.

காலிப் போத்தல். லேபலில் 17!

தம்பையாவின் முகம் வெளிறிப்போனது.

"இ... இது ஏன் இங்க?"

"லேப்பு சாம்பிளுங்க சார். ஒரு சொட்டு மிச்சமில்ல."

"சீனியில... கலந்தனீரா?"

"கலந்தா என்னங்க சார்? மனுசனுக்குத்தான் ஒட்டாதே! ரிப்போர்ட்டு இருக்கு, கையெழுத்து இருக்கு. தண்ணியக்கூட அழிச்சாச்சே!"

கோப்பை பறந்தது!

"ஒட்டும்! பாவி, ஒட்டும்டி!" என்று அலறினார் தம்பையா. "அரை மணித்தியாலம்தான்... தள்ளுங்கோ! என்ட பேக்!"

படிகளில் தடுமாறி ஓடினார். ஜீப் கதவைப் பிடுங்கித் திறந்தார். பையைக் கவிழ்த்தார். மருந்து நிரப்பித் தயாராக மூன்று ஊசிகள்! ஒன்றைக் காற்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தினார். இரண்டு...

"என்ன ஊசி அது?" பின்னாலேயே ஓடி வந்த பவாஸ் கத்தினார்.

"அட்ரோபின்! பதினேழுக்கு மாற்று... விடும் கையை!"

மூன்றாவதும் இறங்கியது.

பவாஸ் நின்றார். குரல் தாழ்ந்தது.

"மாத்து மருந்தா? இது காலையிலயும் இந்த ஜீப்புக்குள்ளதான் இருந்திச்சா டொக்டர்?"

தம்பையா கீழே சிதறியதைக் காலால் மறைக்கப் பார்த்தார்.

கவிழ்ந்த பையிலிருந்து விழுந்த ஒரு நோட்டுப் புத்தகம் கீழே கிடந்தது. பவாஸ் எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தார்.

"'இரண்டாம் குழு, கையுறை இல்லை. உள்ளங்கைச் சீனி, நம்பகமான வழி. இலக்கம் ஆறு. 9.12 சீனி. 9.27 எச்சில். 9.41 விழுந்தது. 9.58 மூச்சு நின்றது...'" அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது. "'எதிர்பார்த்ததைவிட நாலு நிமிடம் முந்தி.'"

"இலக்கம் ஆறு யாருங்க?" என்றாள் மருதாயி, ஒன்றும் புரியாமல்.

பவாஸ் லயத்துக்குள் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

தம்பையா ஜீப் சக்கரத்தில் சாய்ந்து சரிந்தார். முகம் சுட்ட செங்கல் நிறத்தில் சிவந்தது. கழுத்து நரம்பு தறிகெட்டுத் துடித்தது.

"வாய்... வாய் காயுது... நெஞ்சு..."

தர்மிளா வந்து அவர் முன்னால் குந்தினாள்.

"வாய் காயுதா? பதினேழு உள்ள போயிருந்தா எச்சிலு ஒழுகணுமே சார்! கண்ணு சுருங்கணுமே! ஒங்க கண்ணு கறுத்த பொத்தான் மாதிரியில்ல விரிஞ்சு கெடக்கு!"

அவர் வலது கையைப் பிடித்து விரித்தாள்.

"நல்லா பாருங்க."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியில் ஓர் எறும்பு ஏறியது. ஒரு பருக்கையைக் கவ்வியது. நிதானமாக, விரல் வழியாக... உயிரோடு இறங்கிப் போனது!

"போத்தல் போன மாசமே கழுவுனது. சீனி குருவிட்டக் கடைச் சீனி. வெசம் இல்லாத ஒடம்புல மூணு ஊசிய நீங்களே ஏத்திக்கிட்டீங்க. அது இப்ப வேற எதப் புடிச்சு ஒலுக்கும்? ஒங்க நெஞ்சத்தான்!"

பவாஸ் ஃபோனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெட்டியை எடுக்கக் கூடாது, பிரேதப் பரிசோதனைக்குப் போகும் என்று சொன்னார். வாசலில் அதுவரை அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் பட்டென்று நின்றது.

"ஒண்டு மட்டும் செல்லு புள்ள" என்றார். "மனுசனுக்கு ஒட்டாதுன்ட ரிப்போர்ட்டுல கையெழுத்து யாருட?"

தர்மிளா எழுந்தாள்.

"என்னோடது. தெரிஞ்சுதான் போட்டேன். என்னையும் ஜீப்புல ஏத்துங்க. இதையும் வச்சுக்கங்க... வாய மூடச் சொல்லிக் குடுத்தது." சுவீடன் உறையை நீட்டினாள்.

பளார்!

மருதாயியின் கை.

"கையொறைகூட கேக்கலியேடி அவன்... ஓன் பேர நம்பித்தானேடி போனான்!"

தர்மிளா கன்னத்தைத் தடவவில்லை. அழவும் இல்லை. அம்மா இன்னொரு அடி அடிக்கட்டும் என்று நின்றாள். அம்மா அடிக்கவில்லை. திரும்பி மகனின் பெட்டிக்குப் போய்விட்டாள். அதுதான் அதிகம் வலித்தது.

"அம்... அம்புலன்ஸ்..." தம்பையா அவள் காலைப் பிடித்தார். "எவ்வளவு... நேரம்..."

"ரோடு மோசங்க சார். ஒரு மணித்தியாலம் ஆகும்."

"நான் செத்திடுவன்..."

தர்மிளா அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கவலப்படாதீங்க சார். எங்க ஆஸ்பத்திரியில 'ஹார்ட் அட்டாக்'னு எழுதிப் பழகிட்டாங்க... ஒங்க புண்ணியத்துல இன்னிக்கு ஒருக்கா உண்மையாவே எழுதட்டும்!"