சேவைக் கட்டணம் பத்து வீதம்

காதலுக்குக் கண் இல்லை என்று சொல்லி வைத்தவர்கள், கணக்கு உண்டா இல்லையா என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். சந்திரிகாவுக்குக் கணக்கு இருந்தது... ஐந்து சதமும் பிசகாத கணக்கு. அதனால்தான் அந்த பில்லைப் பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"இருபத்தி நாலு தட்டு. தட்டு ஆயிரம். இருபத்தி நாலாயிரம்தானே வரணும்? இது என்னா முப்பத்தோராயிரத்து நூத்தி அம்பத்தி ரெண்டு?"

உணவகத்தில் காசு வாங்கும் இடத்தில் நின்ற இளைஞன் நிமிர்ந்தான். தலையில் தொப்பி, சட்டையில் 'ராஜ்' என்று ஒரு பெயர் வில்லை. எதிரே இரண்டு பெரிய கண்கள்... இமை நுனியில் தூறல் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததை ஒரு கணம் மறந்துதான் போனான், பாவம். பிறகு சுதாரித்துக்கொண்டு சிங்களத்தில் விளக்கினான். சேவைக் கட்டணம் பத்து வீதம். அதற்கு மேல் வரி பதினெட்டு வீதம். விலைப்பலகையின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள்.

சந்திரிகா பன்விலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்ப்பவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். வாரம் ஐம்பது ரூபாயாக ஒரு வருஷம் சேர்த்து, இருபத்து மூன்று பெண்களைக் கண்டிக்கு வெளியே இருக்கும் இந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டி வந்திருந்தாள். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். "கதிரையில குந்திக்கிட்டு, இன்னொருத்தர் போட்டுக் குடுக்க ஒருவேளை திங்கணும் புள்ள" என்று வீரம்மா அக்கா கேட்டிருந்தாள். மற்றவர்கள் சிரித்தாலும் எல்லாருக்கும் அதே ஆசைதான். சந்திரிகாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கைப்பையைத் திறந்து எண்ணினாள். ஐஸ்கிரீமுக்கு ஒதுக்கியதையும் சேர்த்து இருபத்தெட்டாயிரத்து ஐநூறு. இரண்டாயிரத்து அறுநூற்றைம்பத்திரண்டு குறைந்தது. "ரெண்டு நாள் பேரு..." என்று முணுமுணுத்தாள். தோட்டத்து ஆட்கள் எந்த விலையையும் நாள் சம்பளத்தில்தான் அளப்பார்கள். ஒரு நாள் சம்பளம், ஒரு பேரு.

"ரெண்டு பேருக்கும் கொஞ்சம் குறைவு" என்றான் அவன், தன்னை மறந்து, தமிழில்.

அவள் அவனையே பார்த்தாள். இவ்வளவு நேரம் சிங்களத்தில் நாடகம் ஆடியவனுக்குக் காது மடல் சிவந்தது. மெதுவாக ஒரு வழி சொன்னான். பார்சலாக எடுத்தால் சேவைக் கட்டணம் கிடையாது, இருபத்தெட்டாயிரத்து முந்நூற்றிருபதோடு முடியும். ஆனால் உணவகத்துக்குள் உட்கார முடியாது.

"மழையில குந்திப் பார்சல் திங்கவா இவங்கள இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்?"

"அப்படின்னா... கொறையிறத நான் போட்டுக்கிறேன்."

அங்கேதான் தவறு செய்தான். சந்திரிகாவின் முகம் இறுகியது. "எங்களப் பாத்தா பாவமாத் தெரியுதா? ஒங்க காசு வேணாம். பார்சலே கட்டுங்க" என்றாள். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ் நிற்கும் இடத்தருகே தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்து மலை முழுவதும் வெள்ளையாய்க் கரைந்து, ராட்டினத்தின் விளக்குகள் மட்டும் மஞ்சளும் நீலமுமாக அந்தரத்தில் சுற்றின. கனவு மாதிரி அழகுதான்... பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை. பெண்கள் பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். "பரவாயில்ல புள்ள, சோறு சோறுதானே" என்றாள் வீரம்மா. அவள் திட்டியிருந்தால்கூடச் சந்திரிகா தாங்கியிருப்பாள்.

அப்போது மழைக்குள் ஒருவன் வந்தான். தொப்பி இல்லை, வில்லை இல்லை. வேலையாட்கள் சாப்பிடும் தட்டுகளை அடுக்கி நெஞ்சோடு அணைத்திருந்தான். விரலில் தண்ணீர்ச் சாடி தொங்கியது.

சந்திரிகா எழுந்து வழியை மறித்தாள். இரக்கப்பட்டு வந்திருந்தால் இப்படியே போகலாம் என்றாள்.

"எங்கம்மா தெல்தோட்டையில கொழுந்தெடுக்கிறாங்க" என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு தடவ இங்க என்னப் பாக்க வந்தாங்க. கூட வேலை செய்றவங்ககிட்ட எங்கம்மான்னு சொல்லாம, தெரிஞ்ச ஒரு அம்மான்னு சொன்னேன். நின்னுக்கிட்டே டீ குடிச்சிட்டுப் போனாங்க. இப்ப என் சாப்பாட்டு நேரம். எனக்காக விடுங்க."

அவள் விலகி நின்றாள்.

அவன் பார்சல்களைப் பிரித்தான். ஒவ்வொரு தட்டாக, கதிரை இல்லாவிட்டாலும் கல்யாண வீட்டுப் பந்தி போல, குனிந்து கேட்டுக் கேட்டு வைத்தான். தண்ணீர் ஊற்றினான். ராக்கம்மா மிளகாயைப் பொறுக்கி ஒதுக்க, அடுத்து அவளுக்கு வைக்கும்போது அவனே மிளகாயை ஒதுக்கிவிட்டு வைத்தான். வீரம்மா அக்கா முதலில் கூச்சத்தோடு தலையைக் குனிந்திருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, "தம்பி, இந்தப் பக்கமும் கொஞ்சம் தண்ணி" என்று அதிகாரமாகவே கேட்டாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, இவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டான். ராஜ் தயங்கினான்... ஒரு மூச்சு நேரம். பிறகு உரக்கவே பதில் சொன்னான், எங்கள் ஆட்கள், என் அம்மாவும் இவர்களைப் போலத்தான் என்று. சொல்லிவிட்டு அவன் நின்ற நிற்பைப் பார்த்த சந்திரிகாவுக்கு, கோபம் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை.

அவள் பன்விலைப் பக்கம் பிள்ளைக்காம்பரா பார்ப்பவள் என்று பெண்கள் அவனிடம் சொல்லியிருந்தார்கள். கடைசித் தட்டை அவளிடம் கொண்டுவந்தான்.

"நீங்களும் ஒக்காருங்க. புள்ளைங்களுக்கு ஊட்டி ஊட்டியே பழகிப்போச்சு போல."

உட்கார்ந்தாள். சோற்றில் என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, அவன் தண்ணீர் ஊற்றியதுதான் தெரிந்தது. அவன் கண்களை அவளும், அவள் கண்களை அவனும் பார்க்கவில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான்கு மணிக்கு பஸ் உறுமியது. மழை ஓய்ந்து இலைகள் மட்டும் சொட்டின. அவள் ஜன்னலுக்குக் கீழே அவன் ஓடி வந்து நின்றான்.

"ராஜலிங்கம். அதுதான் முழுப் பெயர்" என்றான். ஒரு தாளை நீட்டினான். "ஒரு கணக்கு. சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

வாசித்தாள். கண்டியிலிருந்து பன்விலைக்கு பஸ், நூற்றிருபது. பிளேன்டீ இரண்டு, நூறு. பணிஸ் இரண்டு, நூற்றறுபது. வரி இல்லை. சேவைக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு செவ்வாய்க்கிழமை, மொத்தம் ஆயிரத்து ஐநூற்றிருபது.

தெரிந்துகொண்டே கேட்டாள். "இது எதுக்கு?"

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. ஒங்களப் பாக்க வரணும்..." அவன் விழுங்கிக்கொண்டான். "ஒங்களப் புடிச்சிருக்கு. நீங்க அந்த பில்லத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்கு வந்தப்பவே."

பஸ்ஸுக்குள் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அந்த ஜன்னல் பக்கம் திரும்பின. சந்திரிகா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேலிருந்து கீழாக மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"கணக்கு பிழை" என்றாள்.

அவன் முகம் வாடியது.

"திரும்பிப் போற பஸ் காசு எங்க?"

"அத... நெனைக்கவே இல்ல."

அவள் குனிந்து, கடைசி வரிக்குக் கீழே இன்னொரு நூற்றிருபதை எழுதினாள். பக்கத்தில் தன் பெயரைப் போட்டாள். தாளை நீட்டியபோது விரலோடு விரல் பட்டது. இந்த முறை இருவருமே கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் காச நான் தர்றேன்" என்றாள் மெதுவாக. "நீங்க திரும்பிப் போனாத்தானே... அடுத்த செவ்வாக்கெழம வர முடியும். எனக்கும் ஒங்களப் புடிச்சிருக்கு."