எதிர் ஜன்னல் விசில்

பொதுமக்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய, வருங்காலச் சந்ததியினர் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டிய, மிக மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் மாடியில் பருப்பு வேகவில்லை.

ஒருநாள் இரண்டுநாள் கூத்து இல்லை. மாதம் ஒன்றாகப் போகிறது. அரசுகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் பல் செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் திறந்தார்.

"பல்லு சரியில்லம்மா," என்றார் அப்பா.

மகள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அவள் பல் டாக்டர். அந்தப் பல் செட்டுக்கு அளவெடுத்ததும் அவள்தான், மெழுகைக் கடிக்க வைத்துப் பார்த்ததும் அவள்தான், மாட்டிவிட்டுக் கண்ணாடி காட்டியதும் அவள்தான். சொந்தமாகக் கிளினிக் திறந்ததும் செய்த முதல் முழு செட்.

"பல்லு சரியாத்தான்பா இருக்கு. நேத்துகூட பாத்தேனே."

"அப்புறம் ஏன் மெல்ல முடியல? வாய்க்குள்ள கூழாங்கல்லு மாதிரி உருளுது. பல்லு இல்லாதப்ப ஈறாலயே நசுக்கி நிம்மதியா சாப்பிட்டேன்."

"அது பருப்பு வேகலப்பா."

"அஞ்சு விசில் வந்துச்சே, நானும்தானே கேட்டேன்? அஞ்சு விசில்ல இரும்பே வெந்துடும்." அப்பா குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காத... கடைத்தெரு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரட்டுமா?"

கடைத்தெரு டாக்டர் அவளோடு படித்தவன். வகுப்பில் அவளுக்கு ரொம்பக் கீழே. இப்போது தன் முப்பத்திரண்டு பல்லையும் ஆள் உயரத்துக்குப் போர்டில் காட்டிக்கொண்டு நிற்பவன். பெற்ற அப்பாவே அவனிடம் போய் வாயைத் திறந்தால், அப்புறம் இவள் கிளினிக்கில் எவன் திறப்பான்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்கப்பா... ப்ளீஸ்," என்றாள்.

பாத்திரக்கடை அக்கா தன் வாடிக்கையாளர்களைச் சேர்த்து ஃபோனில் ஒரு குழு நடத்தினாள். பெயர் 'அடுப்படி அரட்டை'. யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தத் தோசைக்கல் ஒட்டுகிறது, எந்த மிக்ஸி கத்துகிறது என்பதெல்லாம் உலகுக்குத் தெரியவருவது அங்கேதான். பல் டாக்டர் தன் குறையை அங்கே போட்டாள். அடுத்த நிமிடம் அறிவு கொட்டியது.

ஊற வைங்க, என்றது ஒரு குரல். உப்பு முதல்லயே போட்டிருப்பீங்க, என்றது இன்னொன்று. கேஸ்கட் தளர்ந்திருக்கும், ஃப்ரீசர்ல வச்சு எடுத்து மாட்டிப் பாருங்க, என்றாள் அக்கா. குக்கரே கூடாது, மண்சட்டியில்தான் சத்து என்று உபதேசித்தார் ஒருவர். அவர் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிடுபவர்.

கடைசியாக, முகத்துக்குப் பதில் மேகப் படம் வைத்திருந்த ஓர் ஆசாமி வந்து இறங்கினார். வானிலை அலுவலகத்தில் வேலை. அதனால் குழுவில் பெயரே வானிலை.

'மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு. மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தம் உயர, கொதிநிலையும் உயரும். ஆகவே பருப்பு வேகாமலிருக்க அறிவியல் முகாந்திரம் ஏதுமில்லை. பிழை குக்கரிடம் இல்லை. எண்ணுபவரிடம்.'

அவளுக்குக் காதோரம் ஜிவ்வென்று ஏறியது.

'எங்களுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியும் சார். நேத்து கனமழைன்னு சொன்னீங்க. மாடியில போட்ட துணி மொறுமொறுன்னு காய்ஞ்சிருக்கு. ரொம்ப நன்றி.'

சிரித்த முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேகம் கலைந்து போனது.

காதல் கதையில் மழை வந்தே ஆக வேண்டும். மறுநாள் மழைக்கு வாய்ப்பே இல்லை என்று வானிலை அலுவலகம் அடித்துச் சொல்லியிருந்தது. ஆகவே மழை தைரியமாக வந்தது.

பல் டாக்டர் அப்போது பாத்திரக்கடையில் இருந்தாள். அக்கா கேஸ்கட் தேடி உள்ளே போயிருந்தாள். ஒருவன் தலைமேல் குக்கர் மூடியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்... வழுக்கினான்... எவர்சில்வர் தட்டு அடுக்கை அணைத்துக்கொண்டு நின்றான். தட்டுகள் அரைநிமிடம் பாடின.

"சாரிங்க," என்றான், பக்கத்தில் தொங்கிய ஜல்லிக்கரண்டியைப் பார்த்து.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்," என்றாள் அவள்.

அவன் மூக்குக்கண்ணாடியில் மழை. துடைத்தான். சட்டையும் ஈரம் என்பதால் இன்னும் கலங்கியது. முதல் பார்வையில் கண்ணும் கண்ணும் கலக்கும் என்பார்கள். இங்கே ஒரு ஜோடிக் கண் சேவையில் இல்லை. இன்னொரு ஜோடி, தொழில்புத்தி காரணமாக, நேராகப் பல்லுக்குப் போனது. கீழ் வரிசையில் ஒரு பல் மட்டும் லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருந்தது. சின்ன வயசிலேயே கிளிப் போட்டிருக்கலாம், என்று நினைத்தாள். பிறகு அவன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். வேண்டாம்... அப்படியே இருக்கட்டும், என்று நினைத்தாள். அவள் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு சிபாரிசு இதுதான் முதல் தடவை.

"குடைய விட்டுட்டு மூடிய எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"இன்னிக்கு மழை இல்லைன்னு... நம்பிட்டேங்க." அவன் மூடியை மெதுவாகக் கீழே வைத்து, "அக்கா, அஞ்சு லிட்டர் கேஸ்கட் ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்தான். "கேஸ்கட் மாத்தணும். ஒரு மாசமா பருப்பே வேக மாட்டேங்குது."

"ஐயோ, உங்க வீட்டுலயுமா?"

தன் துன்பம் பிறத்தியாருக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் மனித மனம் பூரித்துப் போகும். அவள் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப என்னதான் சாப்பிடுறீங்க?"

"முட்டை."

"காலையில?"

"முட்டை."

"ராத்திரி?"

"அது கொஞ்சம் மாறும்."

"என்னவா?"

"ரெண்டு முட்டை."

அவள் சிரித்துவிட்டாள். கிளினிக்கில் சிரிக்காமல் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"சிரிக்காதீங்க. மிக்ஸி மூடிய கையால அழுத்திப் பிடிக்கணும்னு யாராவது சொன்னாங்களா? நான் பாட்டுக்கு சுத்திவிட்டுட்டு ரெண்டடி தள்ளி நின்னேன். தக்காளி இன்னும் சீலிங்லதான் இருக்கு. வீட்டுக்காரர் அண்ணாந்து பாக்காத வரைக்கும் பிழைச்சேன்."

"நான்ஸ்டிக் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருந்தேன். கம்பி போட்டுத் தேய்ச்சேன்... பளிச்னு ஆயிடுச்சு."

"அடப்பாவி மனுஷா!"

வெளியே மழை வலுத்தது. இரண்டு பேருக்கும் அவசரமில்லை. பேச்சு இப்படியே போயிருந்தால் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க நல்லவரு, தெரியலன்னா தெரியலன்னு சொல்றீங்க. அக்கா குரூப்ல ஒருத்தன் இருக்கான் பாருங்க, வானிலைன்னு. அலட்டல்னா அலட்டல், அப்படியொரு அலட்டல்! அந்தாளு குடை எடுத்தா வெயில் அடிக்கும். பருப்பு வேகலன்னு கேட்டா, எனக்கு எண்ணத் தெரியலையாம்..."

அவன் முகம் குக்கர் மூடியை நோக்கித் தாழ்ந்தது.

"இந்தாங்க வானிலை தம்பி," என்று வெளியே வந்தாள் அக்கா. "அஞ்சு லிட்டர் கேஸ்கட். டாக்டரம்மா, உங்களுக்கும் அதேதான்."



"அந்த டாக்டர்... நீங்களா?" என்றான் அவன்.

"எண்ணத் தெரியாத டாக்டர்," என்றாள் அவள். கேஸ்கட்டை வாங்கினாள், குடையை விரித்தாள், விறுவிறுவென்று நடந்தாள். ரோஷத்தில் நடக்கும்போது குடை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. முழுசாக நனைந்துதான் வீடு சேர்ந்தாள்.

மறுநாள் காலை புதுக் கேஸ்கட்டைப் போட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். வழக்கமாகக் குக்கரை ஏற்றிவிட்டு, அறையில் தலை வாரிக்கொண்டே காதால் எண்ணுவாள். இன்று குக்கரின் எதிரிலேயே காவல் நின்றாள்.

விசில் வந்தது. ஒண்ணு.

ஆனால் குக்கர் அசையவில்லை! தலையிலிருந்த வெயிட் சாமியார் மாதிரி மௌனமாக உட்கார்ந்திருந்தது.

அடுத்த விசிலுக்கு வெயிட் குதித்தது. இது நம்முடையது. அடுத்ததற்குக் குதிக்கவில்லை. இது... யாருடையது?

சமையலறை ஜன்னலில் எப்போதும் கைப்பிடித் துணி ஒன்று காயும். அதை இழுத்தாள். தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் குறுகலான சந்து. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், பின்தெருக் கட்டடத்தின் சமையலறை ஜன்னல். அங்கே ஒருவன் அடுப்புத் திருகில் கை வைத்தபடி, அவள் வீட்டுப் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சீலிங்கில் தக்காளி.

"என்ன பண்றீங்க?"

அவன் துள்ளினான். "கேட்டு... கேட்டுட்டு..."

"யாரோட விசில?"

"உங்களுதுன்னு தெரியாது. சத்தியமா." நீராவியில் கண்ணாடி மறுபடி மங்கியது. "இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு. எத்தனை விசில் வைக்கணும்னு எனக்குத் தெரியாதுங்க. எதிர் ஜன்னல்லேர்ந்து வாசனை நல்லா வரும். சமைக்கத் தெரிஞ்சவங்க யாரோ இருக்காங்கன்னு... அங்க ஏத்தறப்ப நானும் ஏத்துவேன். அங்க அணைச்சா நானும் அணைச்சுடுவேன்."

அவளுக்குக் கணக்கு நேரானது. அவனுடைய இரண்டு, இவளுடைய மூன்று. ஐந்து என்று இவள் அணைப்பாள். இவளை நம்பி அவன் அணைப்பான். இரண்டு வீட்டிலும் கூழாங்கல்.

அவன் விழித்த விழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புதான் முட்டியது. ஆனால் ரோஷம் முந்திக்கொண்டது.

"பிழை எண்ணுபவரிடம்னு எழுதினீங்களே... நீங்க எண்ணவே இல்லையே! எங்கப்பா என் பல்லு செட்டு சரியில்லைன்னு இன்னொருத்தன்கிட்ட போகப் பாத்தாரு. தெரியுமா?"

படாரென்று ஜன்னலைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து எதிர்ச் சமையலறையில் அடுப்பு எரியவில்லை. இவள் வீட்டில் ஐந்து விசிலும் இவளுடையதே. பருப்பு வெண்ணெயாக வெந்தது.

"பல்லு செட்டாயிடுச்சும்மா!" என்று கொண்டாடினார் அப்பா. "எனக்கு முன்னாடியே தெரியும், நீ கைராசிக்காரி. அந்தக் கடைத்தெருக்காரனுக்கு என்ன தெரியும்?"

கௌரவம் திரும்பி வந்தது. வந்த கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. காலையில் தலை வாரும்போது காது தானாக எதையோ தேடியது. விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் என்று இதற்குமுன் அவள் கவனித்ததில்லை.

"எதிர் ஜன்னல் பையன் வெறும் ரொட்டியா தின்னுட்டிருக்கான்," என்றார் அப்பா, யாரையோ சொல்வது போல. "பாவம், பல்லு இருந்தும் பிரயோஜனமில்ல."

சனிக்கிழமை கிளினிக்கில் ஃபோன் அதிர்ந்தது. அடுப்படி அரட்டை. மேகப் படம்.

'மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு. எனக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியாது. குக்கர் என்றாலே பயம். நான் எழுதியவை பள்ளிப் புத்தகத்தில் படித்தவை. டாக்டர் சரியாகத்தான் எண்ணினார். பிழை, எண்ணாதவனிடம்.'

இத்தனை பேர் நடுவில்... தலை குனிந்து... அவள் மூன்று தடவை படித்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி அதுவரைக்கும் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தார். நல்ல மனிதர்.

ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்து, கைப்பிடித் துணியை அவளே எடுத்து மடித்து வைத்தாள். எதிரே ரொட்டியும் கையுமாக அவன். வெளியே மழை பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அந்த ரொட்டிய வைங்க. பருப்பு கழுவுங்க. நான் சொல்றப்ப ஏத்துங்க."

"நீங்க... கோவமா..."

"பருப்புக்கு மேல தண்ணி நிக்கணும். ரெண்டு விரக்கடை. உங்க விரல் இல்ல, அது தடி விரல். ம்... இப்ப மூடுங்க."

இரண்டு அடுப்பும் எரிந்தன. சந்தில் சாரல் இறங்கியது. அவன் கண்ணாடியைக் கழற்றி, முதல் தடவையாகக் காய்ந்த துணியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்தான். ஓ... இவ்வளவு பெரிய கண்களா? கோபம் எங்குமில்லை. ஓரத்தில் மட்டும் லேசானது முதல் மிதமானது வரை ஏதோ ஈரம்.

"உங்க விசில் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருந்துச்சு," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன். "ஆனா நான் சொன்னா எதுவும் நடக்காது. அதான் பயமா இருக்கு."

"சொல்லுங்க. நடக்கலன்னா பாத்துக்கலாம்."

"நாளைக்கும் நீங்க இந்த ஜன்னல்ல நிப்பீங்க... மறுநாளும். அதுக்கடுத்தும்... ரொம்ப காலத்துக்கு." அவன் குரல் இறங்கியது. "இது முன்னறிவிப்பு இல்லீங்க. ஆசை."

விசில் வந்தது. யாருடையது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"அப்ப ஒரு கண்டிஷன்," என்றாள் அவள். "அந்தக் கீழ்ப் பல்ல எவன்கிட்டயும் போய் நேராக்கிடக் கூடாது."

அவன் சிரித்தான். சாய்ந்த பல் தெரிந்தது. அவள் ஜன்னல் கம்பிவழியாகக் கையை நீட்டினாள்... எட்டியது. விசில்கள் வந்தன. போயின. மழை வந்தது. காலம் என்ற ஒன்று இருப்பதை உலகமே மறந்துவிட்டது.

இரண்டு வீட்டிலும் பருப்பு தீய்ந்துவிட்டது. அப்பா ரொட்டி சாப்பிட்டார்.