அம்புக்காரியின் எதிரி

மூன்று தடவை மணி அடித்தும் அவன் நகரவில்லை. நான்காவது தடவை அடிக்க நேரமில்லை... மழையில் வழுக்கிய அவள் சைக்கிள் நேராகப் போய் அவன் முழங்காலில் முட்டி நின்றது. அவன் கையிலிருந்த சுருக்குப்பை தெறித்து, கலர் கலராகப் பகடைகள் தெருவில் உருண்டன.

"காது என்ன செவிடா சார்?"

கேட்டுவிட்டுத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். அடடா... கொஞ்சம் மெதுவாகத் திட்டியிருக்கலாமோ! மழைத்துளி தங்கிய இமைகள். அவள் முகத்தை விட்டு அகலாத கண்கள். ஒருத்தன் இப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் நிலைக்கும்?

"தப்பு என் மேலதாங்க... ஏதோ யோசனை," என்றான், முகம் சிவந்து.

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். "என்னங்க இது, பகடைக்கு இருபது மூஞ்சி!"

"கதை ஆட்டம். ஒருத்தர் கதை சொல்வார். நாங்க ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு அதுக்குள்ள போவோம். ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பகடை விழறதைப் பொறுத்து. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது... வர்றீங்களா?"

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளுக்குச் சனிக்கிழமை மதியம் வேறு வேலை ஒன்றும் இல்லை. போனாள்.

அவன் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அவனுடைய கடை மாடியில்தான் ஆட்டம். கதை சொல்வது ஒரு கணக்கு வாத்தியார். அவனுக்கு வலப்பக்கம் பல் டாக்டர்... கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் பெண். இடப்பக்கம் காலியாக இருந்த நாற்காலி இவளுக்கு. வேஷம், படைக்கு முன்னால் தீப்பந்தம் பிடித்துப் போகிறவள்.

அவன் வேஷம்தான் வேடிக்கை. காது கேளாத அம்புக்காரி! அவளுக்கென்று ஒரு காகிதம். 'பேசும் முன் மேசையைத் தட்டவும். முகம் பார்த்துப் பேசவும். இருட்டில் என்னோடு பேச முடியாது.' இதைப் படித்துக் காட்டும்போது அவன் முகத்தில் என்ன ஒரு களை! அம்புக்காரியாக இருக்கும்போது வாய் ஓயாமல் பேசுவான்... வாத்தியாரையே கலாய்ப்பான். ஆட்டம் முடிந்ததும் பழையபடி ஊமைக்கோட்டான்.

ஒரு மாதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் அந்த அம்புக்காரியைத் தாங்குகிறான். பல் டாக்டர் மேசையைத் தட்டினால் பூரிக்கிறான். இவள் ஒருத்தி இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. காகிதத்தில் இருக்கும் பொம்பளை மேல் வயிறு எரிகிற ஜென்மம் உலகத்தில் நான் ஒருத்திதான், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எரிச்சல் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமை, ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த ஒரு ஜோக்கை அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவன் திரும்பக்கூட இல்லை! அடுத்த நொடியே பல் டாக்டர் ஏதோ முணுமுணுக்க, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

கதையில் படை குகைக்குள் நுழைந்தது.

"தீப்பந்தக்காரி என்னம்மா பண்றே?" என்றார் வாத்தியார்.

"பந்தத்தை அணைக்கிறேன்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "இருட்டுல அம்புக்காரிக்கு யார் சொல்றதும் புரியாதேம்மா..."

"எதிரி நம்மளப் பார்த்துடக் கூடாதுல்ல?" என்றாள், வாத்தியார் முகத்தைப் பார்க்காமல்.

இருட்டில் எதிரி வந்தான். எல்லோரும் கத்தி எச்சரித்தார்கள். அம்புக்காரிக்குத் தெரிய வழியில்லை. அவன் பகடையை உருட்டினான். ஒன்று... அதைவிடக் கீழே எண் கிடையாது. அம்புக்காரி செத்துப் போனாள்.

அவன் காகிதத்தை நாலாக மடித்தான். எழுந்து கீழே இறங்கிப் போனான்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" பல் டாக்டரின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "அவருக்கு அந்த வேஷம் வெறும் வேஷம் இல்ல."

"அப்போ என்ன?"

"அதை அவர்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

ஆக, இவளுக்குத் தெரியும்... எனக்குத் தெரியாது! பொறாமையும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து துரத்த, தடதடவென்று படியிறங்கினாள்.

அவன் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சட்டத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் போய் நின்று, "மன்னிச்சிடுங்க," என்றாள். அசைவில்லை. "என்னங்க... உங்ககிட்டத்தான்..." தூரிகை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இது கோபம் இல்லையே! சுற்றிக்கொண்டு எதிரே போனாள். அவளைக் கண்டதும் அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

மழையில் அடித்த மூன்று மணியும், தான் கேட்ட கேள்வியும், அவன் திரும்பாத ஜோக்கும்... எல்லாம் ஒரே நேரத்தில் அவள் நெஞ்சில் வந்து இடித்தன.

"இடது காது..." என்றாள் மெதுவாக.

அவன் தலைகுனிந்தான். "சுத்தமா கேக்காது. இன்னொண்ணு பாதி. மிச்சத்தை உதட்டைப் பார்த்து ஒப்பேத்திடுவேன். வெளிய சொன்னா, ஒண்ணு ஊர் கேக்கக் கத்துவாங்க... இல்ல, பேசறதையே விட்டுடுவாங்க. அம்புக்காரியா இருந்தா மட்டும்தான், தட்டிட்டுப் பேசுங்க, என்னைப் பார்த்துப் பேசுங்கன்னு கூச்சமில்லாம கேக்க முடிஞ்சுது. கௌரவம் பார்க்கிறவன்... நானா இருந்து கேக்கத் தைரியம் வரல."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எதிரிக்காக இல்லங்க... நான் வேணும்னேதான் பந்தத்தை அணைச்சேன்."

"ஏன்?"

"பொறாமை."

"யார் மேல?"

"அம்புக்காரி மேல."

அவன் வாயைப் பிளந்தான். "காகிதம் மேலயா?"

"காகிதம் மேலயும்தான்... பல் டாக்டர் மேலயும்தான்!" என்றாள் வீம்பாக. "உங்க விஷயம் அவங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. உங்க கதைக்குள்ள இருட்டு வந்தா எப்படி இருக்கும்னு யோசிக்காம செஞ்சது தப்பு... பெரிய தப்பு. ஆனா பொறாமை இன்னும் போகல. அதையும் மறைக்க மாட்டேன்."

"அவங்க தானா கண்டுபிடிச்சாங்க. நான் வாய் திறந்து சொன்னது உங்ககிட்ட மட்டும்தான்."

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் அவள் உதடுகளைப் பார்த்தபடி நின்றான். இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்திருக்கிறான்... அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை.

"இனிமே உங்களைப் பத்தின எந்த விஷயமா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல தெரியணும்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

"அப்போ ஒண்ணு இருக்கு." அவன் தூரிகையைக் கீழே வைத்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இது இன்னும் யாருக்கும் தெரியாது."

"பல் டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு..." என்றாள். "இதை மட்டும் மாடியில போய் எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டு வந்துடவா?"