ஜல்லி ரோட்டில் கூட இருந்தவர்

மலைப் பள்ளிக்கூடத்தில் சோலார் பேட்டரி படுத்துவிட்டது என்று டீச்சர் போன் செய்திருந்தார். சோலார் ரிப்பேர் செய்யும் பெனடிக்ட் காலை எட்டு மணிக்கே கோபிசெட்டிபாளையத்திலிருந்து பைக்கில் கிளம்பினார். சத்தியமங்கலம் தாண்டி, கடம்பூர் ஏறி, தார் முடிந்த இடத்தில் ஜல்லி ரோடு தொடங்கியது. கொங்கு நாட்டின் வடகோடி அது. அதற்கப்பால் காடுதான்.

பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது.

"சாப்பிட்டுப் போங்க சார்," என்றார் டீச்சர்.

"இல்லீங்க, வெளிச்சத்தோட எறங்கிரோணும்."

வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. மனைவி ஜெபராணி இறந்து மூன்று வருஷமாகிறது. மகள் டீனா பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் போன் செய்வாள்.

அன்று செவ்வாய்.

நாலாவது வளைவில் முன்சக்கரம் ஜல்லியில் வழுக்கியது. விழுந்தது தெரிந்தது. எலும்பு முறிந்த சத்தமும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வலது கால் வண்டிக்கு அடியில் கிடந்தது. சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

கத்தினார். எதிர்மலை அவர் குரலையே திருப்பிக் கொடுத்தது.

வெயில் கொளுத்தியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஞாயிறு வரை யாரும் தன்னைத் தேடப்போவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு பைக் சத்தம் கேட்டது.

வளைவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது. பெட்ரோல் வாடையும் புழுதி வாடையும் கலந்து வந்தன. ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் நடந்து வந்தார். கண்ணாடி முழுக்கச் செம்புழுதி. முகம் தெரியவில்லை.

"ஏனுங்க, உழுந்துபோட்டீங்களா?"

"கடவுளே... ஆமாங்க. கால் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் வண்டியத் தூக்குங்க."

அந்த ஆள் தூக்கவில்லை. பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"தம்பிதுரைங்க. வெள்ளகோயில். எத்தன நேரமாக் கெடக்கறீங்க?"

"ரெண்டு மணி நேரமாச்சு. தூக்குங்க அண்ணா, வலி உசுரு போகுது."

"நான் நாலு நாள் கெடந்தனுங்க."

பெனடிக்ட் அவரையே பார்த்தார்.

"இதே எடத்துலதான். ஒருத்தரும் வரல."

"அப்புறம்?"

"அப்புறமும் வரலீங்க."

காற்று நின்றிருந்தது. அந்த ஆள் ஜல்லியில் நடந்து வந்தபோது ஒரு கல்கூடச் சத்தம் போடவில்லை என்பது பெனடிக்டுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வண்டியை மறுபடியும் இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை.

"தூக்கோணும்னு ஆசைதானுங்க," என்றார் தம்பிதுரை. "என் கை எதையும் புடிக்கறதில்ல. கூட வேணா இருக்கறேன். தனியாக் கெடக்கறது ரொம்பக் கஷ்டமுங்க."

பெனடிக்ட் சட்டைப்பையிலிருந்த ஜெபமாலையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. வெங்காய விலை, கிணற்றில் தண்ணீர் வற்றியது, மகளுக்குக் காதுகுத்து. பேச்சு நடுநடுவே நின்றது. நின்றபோதெல்லாம் பெனடிக்டுக்கு இன்னொரு பயம் வந்தது.

"இருக்கீங்களா?" என்று அவரே கேட்டார்.

"இருக்கறேனுங்க."

ஐந்து மணிக்கு வனத்துறை ஜீப் வந்தது. இரண்டு பேர் வண்டியை நிமிர்த்தி, அவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். ஜீப் நகர்ந்தபோது வெளியே திரும்பினார். விடைபெறும்போது வழக்கமாகச் சொல்வது வாயில் வந்தது:

"வாரேனுங்க."

வெறும் ரோட்டிலிருந்து பதில் வந்தது.

"எப்பங்க?"

"யாருகிட்டங்க பேசறீங்க?" என்றார் டிரைவர்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் காலுக்குப் பிளேட் வைத்தார்கள். டீனா பத்து நாள் லீவு போட்டு உடனிருந்தாள். "பெங்களூருக்கு வந்துருங்கப்பா," என்றாள். அவர் மறுத்துவிட்டார். பதினோராம் நாள் காலை அவள் பஸ் ஏறினாள்.

அன்று மதியம் வீடு அப்படியொரு அமைதியாக இருந்தது. பிரிட்ஜின் உறுமல்கூடப் பெரிதாகக் கேட்டது. கட்டிலில் கிடந்தபடி பெனடிக்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பைக் வந்து வாசலில் நின்றது.

காலடிச் சத்தம் இல்லை.

கேட் திறந்த சத்தமும் இல்லை.

ஜன்னல் வழியாகப் புழுதி வாடை வந்தது. பக்கத்து வீட்டு அரங்கசாமியைக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவார். கூப்பிடத்தான் நினைத்தார். ஆனாலும் எதிரில் கிடந்த காலி நாற்காலியையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள வாங்க," என்றார். "கதவு தெறந்துதான் இருக்குது."

சாயங்காலம் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெருவில் வண்டி எதுவும் நிற்கவில்லை.

ஆனால் அந்த வண்டி கிளம்பிப் போன சத்தத்தை அவர் இன்றுவரை கேட்கவில்லை.